தொலைவுக்கு நீர் வார்த்த அதாரி

வளைகுடாவுக்குச் சபர் போனவர்களின் இல்லங்களில் பழைய ஆல்பம் ஒன்று இல்லாமல் இராது. எங்கள் வீட்டு ஆல்பத்தில் 1978-ஆம் ஆண்டுக் கோடையில் எடுத்த படம் ஒன்று இருக்கிறது. இடுப்பளவு நீரில் கைலியை வரிந்து கட்டிக்கொண்டு வாப்பா நிற்கிறார்கள். அவர்கள் தோளில் நான். கரையில், பேரீச்ச மரத்தின் நிழலில் பாய் விரித்து, சோற்றுச் சட்டியின் மூடியைக் கையில் பிடித்தபடி உம்மா. படத்தின் பின்புறம் வாப்பாவின் கையெழுத்தில் இரண்டே சொற்கள்: ‘அதாரி, பஹ்ரைன்’.

அந்நாளில் பஹ்ரைனில் வெள்ளிக்கிழமைதான் வார விடுமுறை. ஜும்ஆ முடிந்ததும் மனாமா நகரத்துக் குடும்பங்கள் அதாரி ஊற்றை நோக்கிப் புறப்பட்டுவிடும். வெயில் நாற்பது பாகையைத் தொடும் ஆடி, ஆவணி மாதங்களிலும் அங்கே பூமியின் அடியிலிருந்து நீர் ஒரே சீரான வெப்பத்தில் பொங்கி வந்துகொண்டிருந்தது. கோடையில் அது குளிர்ச்சியாகத் தோன்றும். குளிர்காலத்தில் இதமான வெந்நீராகத் தோன்றும். நீரின் சூடு மாறுவதில்லை, குளிப்பவனின் உடம்புதான் மாறுகிறது என்று வாப்பா விளக்குவார்கள். பாசி படிந்த அடித்தளத்தில் சிறு மீன்கள் கூட்டமாய் வந்து காலைக் கொத்தும். அந்தக் கூச்சம் இன்றும் எனக்கு நினைவிருக்கிறது.

கோடையில் ஊற்றைத் தேடிப் போவது எங்களைப் போன்ற பிழைக்கப் போனவர்கள் கண்டுபிடித்த பொழுதுபோக்கு அன்று. எண்ணெய்க்கு முந்தைய காலத்திலேயே மனாமா, முஹர்ரக் நகரங்களின் வசதியுள்ள குடும்பங்கள் கோடை பிறந்ததும் வீட்டைப் பூட்டிவிட்டுப் பேரீச்சந்தோப்புகளுக்குக் குடிபெயர்வது வழக்கம். தோப்புகளில் ஈச்ச மட்டைகளால் வேய்ந்த ‘பரஸ்தி’ குடிசைகளில் தங்கி, பழம் கனிந்து பறிபடும் வரை ஊற்று நீரிலேயே நீராடி இருப்பார்கள். அதே மாதங்களில் ஆண்களில் பெரும்பாலோர் முத்துக்குளிப்புத் தோணிகளில் நடுக்கடலில் இருப்பார்கள். வியப்பு என்னவென்றால், கரையில் பிள்ளைகள் நீந்திய நீரும் கடலில் அவர்களுடைய வாப்பாமார் பருகிய நீரும் ஒரே மூலத்திலிருந்து வந்தவையே.

இதைச் சற்று விளக்கவேண்டும். பஹ்ரைனில் ஆண்டுக்குப் பெய்யும் மழை மிகச் சொற்பம். நம் ஊரில் ஒரே இரவில் கொட்டும் மழை அங்கே ஓராண்டுக்கும் சேர்த்துக் கிடைப்பதில்லை. அவ்வூற்றுகளின் நீர் அங்கே பெய்ததன்று. ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் அரேபியாவின் உட்பகுதி மேட்டு நிலங்களில் பெய்து, சுண்ணாம்புப் பாறைகளின் இடுக்குகளில் இறங்கி, கிழக்கு நோக்கிக் கடலுக்கு அடியிலும் நகர்ந்து வந்த நீர் அது. மேலே களிமண் அடுக்கு மூடியிருந்ததால் அழுத்தம் கூடி, பாறை பிளந்த இடத்திலெல்லாம் தானாகவே மேலெழுந்தது. அல்அஹ்ஸாவின் புகழ்பெற்ற ஊற்றுகளும் இதே கூட்டத்தைச் சேர்ந்தவைதாம். சில பிளவுகள் கடலின் அடியிலும் இருந்தன. உவர்க்கடலின் தரையில் நன்னீர் கொப்புளித்தது.

1554-இல் அவ்வழியே கடந்து சென்ற உதுமானியக் கடற்படைத் தளபதி சைதி அலி ரெயிஸ், மாலுமிகள் தோற்பையுடன் கடலில் மூழ்கி அடித்தரையிலிருந்து நன்னீரை நிரப்பி வந்ததைத் தம் பயண நூலில் பதிந்திருக்கிறார். முன்னாளில் அவால் என வழங்கிய இத்தீவுக்கு ‘இரு கடல்கள்’ என்னும் பெயர் நிலைத்துவிட்டதைக் கேட்கும்போது, சுவைநீரும் உவர்நீரும் அருகருகே இருப்பதைச் சொல்லும் அல்ஃபுர்கான் அத்தியாயத்தின் வசனம் எந்த முஸ்லிமின் நினைவுக்கும் வராமற் போகாது.

நம்மவர்க்கு அந்தத் தோணிக்காரர்கள் முற்றிலும் அந்நியர் அல்லர். பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், மஅபர் என்று அரபியர் அழைத்த நம் கரைக்குக் குதிரைகள் வந்த துறைகளில் பஹ்ரைனையும் சேர்த்தே சொல்கிறார். 1900-களின் தொடக்கத்தில் மன்னார்க் கடலில் நடந்த முத்துச் சலாபங்களில் கீழக்கரையின் முத்துக்குளிப்போரும் வளைகுடா அரபியரும் பக்கத்துப் பக்கத்துத் தோணிகளிலிருந்து மூழ்கியிருக்கிறார்கள்.

இந்த நீரின் மதிப்பை நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மனிதர்கள் உணர்ந்திருந்தனர். தில்முன் என்று சுமேரியர் போற்றிய நாடு பஹ்ரைனே என்பது ஆய்வாளர்களின் பொதுவான முடிவு. அந்நாட்டுக்கு நன்னீர் வாய்த்த கதையே அவர்களுடைய புராணம் ஒன்றின் கரு. கிளாபும் பிபியும் தலைமையேற்ற டேனிஷ் குழு 1954-இல் தோண்டத் தொடங்கிய பார்பார் கோயில், ஓர் ஊற்றைச் சுற்றியே எழுப்பப்பட்டிருந்தது. படிகள் இறங்கி நீருக்குச் செல்கின்றன. அதே ஆண்டு அவர்கள் அருகிலிருந்த உம்முஸ் சுஜூர் என்ற தூர்ந்த ஊற்றையும் அகழ்ந்தார்கள். கற்குவியலுக்கு அடியில், படிக்கட்டுடன் ஒரு கிணற்றறை வெளிப்பட்டது.

அக்கற்குவியலைப் பற்றி ஊரார் ஒரு கதை சொல்லி வந்தனர். உமையாக் கலீஃபா அப்துல் மலிக் இப்னு மர்வான் தீவு மக்கள்மீது சினம் கொண்டு, தண்டனையாக அவர்களுடைய பெரிய ஊற்றைக் கல்லிட்டு மூடச் செய்தார் என்பது அக்கதை. தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்ட செய்தி. அவர் ஆண்டது ஹிஜ்ரி 65 முதல் 86 வரை. அது நடந்ததோ இல்லையோ, ஒன்று மட்டும் எனக்குத் தெளிவாகிறது. ஊற்று ஒன்று வற்றுவதை இயற்கையாக ஏற்றுக்கொள்ள அம்மக்களின் மனம் மறுத்திருக்கிறது. யாரோ ஒரு கொடியவன் செய்திருக்கவேண்டும் என்றே அவர்கள் கருதினார்கள். தொலைவிலுள்ள அரசன்மீது பழியைப் போடுவதும் எளிது.

ஆனால் உண்மையில் அத்தீவின் ஊற்றுகள் அடைபட்ட வரலாற்றில் கொடியவன் எவனும் இல்லை.

1920-களில் பிராங்க் ஹோம்ஸ் என்ற நியூசிலாந்துக்காரர் அங்கு வந்தார். எண்ணெய் தேடும் ஆவல் கொண்டவர் அவர். மக்களுக்கு வேண்டியிருந்ததோ குடிநீர். ஷேக் ஹமத் பின் ஈஸா அவர்களுக்காக அவர் 1924, 1925 ஆண்டுகளில் ஆழ்துளைக் கிணறுகள் தோண்டினார். நீர் பீறிட்டது. அந்த மகிழ்ச்சியின் பலனாக 1925 டிசம்பரில் எண்ணெய் தேடும் உரிமை அவருக்குக் கிடைத்தது. 1932-இல் ஜபல் துகானில் எண்ணெய் கண்டார்கள். எண்ணெயையும் பூமியடி நீரையும் ஒரே துளைக்கருவிதான் அத்தீவுக்குத் திறந்துவிட்டது. முத்து வாணிபம் ஜப்பானியச் செயற்கை முத்தினால் நொடிந்துகொண்டிருந்த வேளையில் கிடைத்த அந்த வாழ்வை யார் வேண்டாம் என்பார்கள்? ஹோம்ஸைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நகரத்துப் பெண்களின் தலையிலிருந்து தண்ணீர்ச் சுமையை இறக்கியவர் அவர்.

பின்னர் கிணறுகள் பெருகின. தோட்டக்காரர் தோண்டினர், வீட்டுக்காரர் தோண்டினர், தொழிற்சாலைகள் தோண்டின. ஒவ்வொரு துளையும் அடியிலிருந்த அழுத்தத்தில் ஒரு சிறு பங்கைக் கழித்தது. 1941 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 90,000 ஆக இருந்த மக்கள்தொகை 1981-இல் மூன்றரை இலட்சமாயிற்று. அந்தக் கணக்கில் வாப்பாவும் உம்மாவும் நானும் அடக்கம் என்பதை மறைப்பதற்கில்லை. 1975-இல் சித்ராவில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் அமைத்தும், நிலத்தடி நீரை இறைப்பது குறையவில்லை. அழுத்தம் தளர்ந்த இடத்தில் கடல் உள்ளே புகுந்தது, நீர் உவர்ப்பேறிற்று. கடலடி ஊற்றுகள் ஓய்ந்தன. தோப்புகளின் மரங்கள் தலை சாய்ந்தன. அதாரியும் மெலிந்து மெலிந்து, இருபதாம் நூற்றாண்டு முடிவதற்குள் தானே பொங்குவதை நிறுத்திவிட்டது.

அதாரியைப் பற்றிப் பஹ்ரைனியர் வழங்கும் பழமொழி ஒன்று உண்டு. ‘அதாரி தொலைவில் இருப்பவருக்கு நீர் வார்ப்பாள், அருகில் இருப்பவரை விட்டுவிடுவாள்’ என்பது அதன் கருத்து. ஊற்றின் மட்டத்தைவிடப் பக்கத்து நிலம் மேடாக இருந்ததால் நீர் கால்வாய்களின் வழியே தாழ்ந்த, தூரத்துத் தோப்புகளுக்கே பாய்ந்தது. அதிலிருந்து பிறந்தது அம்மொழி. தன் சொந்தக்காரரை விட்டுப் பிறருக்கு உதவுகிறவனை அப்படி ஏசுவார்கள். வாப்பா வேலை செய்த கடையில் அரபி முதியவர் ஒருவர் இதைச் சொல்லிக் காட்டியபோது, ஊருக்குப் பணம் அனுப்பும் ரசீதைக் கையில் வைத்திருந்த நம் சபராளிகள் நால்வரும் தங்களைத்தான் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்தார்களாம். வாப்பா இதைப் பலமுறை சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் உம்மா மட்டும் சிரிப்பதில்லை. பஹ்ரைனுக்கு வருவதற்கு முன் ஏழாண்டுகள் அந்தப் பணத்துக்காக ஊரில் காத்திருந்தவர் அவர்.

2008-இல் அதாரியைச் சுற்றி இராட்டினங்களும் விளையாட்டு வண்டிகளும் கொண்ட பூங்கா ஒன்று திறக்கப்பட்டது. குளம் இருக்கிறது, அதற்கு நீரை வேறிடத்திலிருந்து கொண்டுவர வேண்டியிருக்கிறது. இப்போது பஹ்ரைனில் பணிபுரியும் என் மச்சான் மகன் சென்ற கோடையில் அங்கிருந்து படம் ஒன்று அனுப்பியிருந்தான். உம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “மீன் இருக்கிறதா என்று கேள்” என்றார்.