உத்திராடத்தருகே ஒன்று, சிறுமலைக்கு மேலே ஒன்று

ஆடி மாதம் இரவு பத்து மணிக்கு வாடிப்பட்டி மொட்டைமாடியில் ஏறி நின்றால் வடக்கே சிறுமலை கறுத்துக் கிடக்கும். அதற்கு மேலே, பாதி வான உயரத்தில், டிராகோ குறுமண்டலம். திரும்பித் தெற்கே சோழவந்தான் பக்கம் பார்த்தால் உத்திராட விண்மீன்களை ஒட்டி தனுசுக் குறுமண்டலம். இரண்டும் நம் பால்வீதியைச் சுற்றிவரும் துணை விண்மீன் மண்டலங்கள். வெறுங்கண்ணுக்கு எதுவும் புலப்படாது. ஆனால் நல்ல இருட்டில் பைனாகுலரை உத்திராடத்தருகே திருப்பினால் சின்னப் புகைப்பொட்டு ஒன்று தட்டுப்படும். அதுதான் எம் 54, தனுசின் நெஞ்சுப்பகுதி.

1778இல் மெசியே பட்டியலிட்ட அந்தப் பொட்டு ஒரு மண்டலத்தின் நடுவில் இருக்கிறது என்று தெரிய 1994 ஆனது. இபாட்டா, கில்மோர், இர்வின் மூவரும் கண்டுசொன்னார்கள். இத்தனைக்கும் அது சுமார் 85,000 ஒளியாண்டு தொலைவில்தான். பால்வீதி மையத்தின் நெரிசலுக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. மூன்று மடங்கு தள்ளியிருக்கும் டிராகோவை ஆல்பர்ட் வில்சன் 1954லேயே பாலோமர் படத்தகடுகளில் பிடித்துவிட்டார்.

உருவத்தில் இரண்டும் வேறு. தனுசு இழுபட்டு நீண்டது. அதிலிருந்து உதிர்ந்த விண்மீன்கள் வானத்தையே சுற்றி வளைத்திருப்பதை 2003இல் அகச்சிவப்பு அளவை காட்டியது. காரணம் அதன் பாதை. நூறு கோடி ஆண்டுக்குள் ஒரு சுற்று. நெருங்கும்போது மையத்திலிருந்து ஐம்பதாயிரம் ஒளியாண்டு அளவுக்கு வந்துவிடுகிறது. கிட்டப் பக்கத்தின் மேல் இழுப்பு அதிகம், எட்டப் பக்கத்தில் குறைவு; உடல் பிய்கிறது.

அவ்வளவு உள்ளே அது எப்படி வந்தது? இங்கே சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகரை நினைக்காமல் முடியாது. 1943இல் அவர் எழுதிய இயக்க உராய்வுக் கணக்குதான் விடை. அழகர் தல்லாகுளத்தில் வரும்போது கூட்டம் பின்னால் திரண்டு பல்லக்கைப் பிடித்து நிறுத்துமே, அதேபோல் கனத்த பொருள் கடந்த வழியில் விண்மீன்களும், கண்ணுக்குத் தெரியாமல் ஈர்ப்பால் மட்டுமே புலப்படும் கரும்பொருளும் திரண்டு அதைப் பின்னுக்கு இழுக்கின்றன. தனி ஆள் நுழைந்து போனால் யார் திரும்பப் போகிறார்கள்? எடை இருமடங்கானால் இழுப்பு நான்கு மடங்கு. தனுசு ஒரு காலத்தில் கனத்தது, அதனால் சரிந்தது. டிராகோ இலேசு, அதனால் வெளியிலேயே சுற்றுகிறது. லட்சம் ஒளியாண்டுக்குள் வருவது அரிது.

தனுசு சும்மாவும் போகவில்லை. 570 கோடி, 190 கோடி, 100 கோடி ஆண்டுகளுக்கு முன் நம் அருகே விண்மீன்கள் அதிகம் பிறந்த காலங்கள், அது நெருங்கிக் கடந்த காலங்களோடு ஒத்துப்போவதாக கையா விண்கலத் தரவைக் கொண்டு 2020இல் ஓர் ஆய்வு காட்டியது.

டிராகோவிலோ ஏறக்குறைய எல்லா விண்மீன்களும் ஆயிரம் கோடி ஆண்டு பழையவை. மொத்த ஒளி மூன்று லட்சம் சூரியன்களுக்குச் சமம், அவ்வளவே. என்னை அசரவைப்பது இதுதான். 1983இல் மார்க் ஆரன்சன் அதன் மூன்று கரிம விண்மீன்களின் வேகத்தை மட்டும் அளந்தார். வேகங்கள் ஒன்றுக்கொன்று வேறுபட்ட அளவைப் பார்த்தால், கண்ணுக்குத் தெரியும் விண்மீன்களின் ஈர்ப்பால் அந்த மண்டலத்தைக் கட்டிவைக்க முடியாது. மூன்றை வைத்து முடிவு செய்வதா என்று தயங்கியவர்கள் உண்டு. பிறகு நூற்றுக்கணக்கில் அளந்தும் வினாடிக்கு ஒன்பது கிலோமீட்டர் சிதறல் என்றே வந்தது. உள்ளே நிறைந்திருப்பது கரும்பொருள். அந்தக் கவசம் இருக்க, பாதையும் தள்ளியே இருக்க, டிராகோவைச் சுற்றி உதிர்ந்த வால் இருக்கிறதா என்று தேடியவர்களுக்கு ஒன்றும் அகப்படவில்லை.