சிரிப்பூட்டும் வாயுவும் சிறுவர் குருதிப் புற்றுநோயும்

நோவைத் தணிக்கும் மருந்து ஒன்று. நோயை எதிர்க்கும் மருந்து மற்றொன்று. வெவ்வேறு காலங்களிற் பிறந்த இவ்விரண்டும் ஒரு குழந்தையின் உடலிற் சந்தித்தபோது விளைந்தது யாதென்பது ஆராயத்தக்கது.

சிரிப்பூட்டும் வாயு எனப்படும் நைதரசு ஒட்சைட்டை 1772 ஆம் ஆண்டிற் கண்டறிந்தவர் பிறீஸ்ற்லி. அதனைத் தாமே சுவாசித்துப் பார்த்த ஹம்பிரி டேவி, சத்திரசிகிச்சையில் நோவைப் போக்க அது உதவக்கூடுமென 1800 இல் எழுதினார். மருத்துவ உலகம் அதனைப் பொருட்படுத்தவில்லை. 1844 இல் அமெரிக்கப் பல் வைத்தியர் ஹொரஸ் வெல்ஸ் இவ்வாயுவைச் சுவாசித்துத் தம் பல்லொன்றைப் பிடுங்குவித்தார். பின்னர் உலகெங்கும் பரவிய இவ்வாயு, தீங்கற்றதென்றே நெடுங்காலம் கருதப்பட்டது.

அந்நம்பிக்கை 1956 இல் தளர்ந்தது. கோப்பன்ஹேகனில் ஏற்புவலி நோயாளருக்கு நாட்கணக்காக இவ்வாயுவைச் செலுத்திய லாசன் முதலிய வைத்தியர், அவர்தம் என்புமச்சை தளர்ந்து வெண்குழியங்கள் அருகக் கண்டனர். தீங்கிலும் பயன்காண விழைந்து, நாட்பட்ட லியூக்கேமியா நோயாளருக்கு இதனைக் கொடுத்து, நோய் தணிந்தமையை 1959 இல் அறிவித்தனர். இதன் காரணம் பின்னரே புலனாயிற்று. இவ்வாயு விற்றமின் பீ 12 ஐச் செயலிழக்கச் செய்கின்றது. அவ்விற்றமின் இன்றேற் போலிக்கமிலம் தன் தொழிலைச் செய்யமாட்டாது. கலங்கள் செவ்வனே பெருகா.

இனி, மற்றைய மருந்தை நோக்குவோம். பொஸ்ரன் நகரிற் சிட்னி பாபர், லியூக்கேமியாவுற்ற 16 குழந்தைகளுக்கு அமினொத்தெரின் என்னும் மருந்தைக் கொடுத்து, 10 பேர் தற்காலிகமாகத் தேறினரென 1948 இல் வெளியிட்டார். அதனை ஆக்கியளித்த ஆய்வுக் குழுவின் தலைவர், சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்ற யெல்லாப்பிரகத சுப்பாராவ் ஆவர். போலிக்கமிலத்தின் தொழிலைத் தடுத்துப் புற்றுக்கலங்களை ஒடுக்குவதே இம்மருந்தின் இயல்பு. அதே இனத்ததாகிய மெதொற்றெக்சேற் இன்றும் வழங்குகின்றது. மூளையை நோய் பற்றாதிருக்க, முதுகில் ஊசியேற்றி முண்ணாண்பாய்மத்துள் இதனைச் செலுத்துவர். குழந்தை அசையாதிருத்தல் வேண்டும். எனவே மீண்டும் மீண்டும் மயக்கமூட்ட நேர்கின்றது.

இடர் எழுவது இவ்விடத்திலேயே. போலிக்கமிலத்தின் பாதையை மருந்து ஒரு முனையில் அடைக்க, வாயு மறு முனையில் அடைக்கின்றது. இரண்டும் கூடின், என்புமச்சை நலிதலும், வாய்ப்புண்ணும், நரம்புக் கேடும் நேரலாம். ஆதலின் மெதொற்றெக்சேற் பெறும் நோயாளருக்கு இவ்வாயுவைத் தவிர்க்க வேண்டுமென மருந்துக் குறிப்புக்கள் எச்சரிக்கின்றன. மயக்கமூட்ட வேறு மருந்துகளும் உள.

புதியதொன்றைக் கண்டறிவதோடு அறிவின் கடமை முடிவதில்லை. மயக்கமூட்டுவோர் அறிந்ததைப் புற்றுநோய் வைத்தியரும், அவர் அறிந்ததை இவரும் அறிதல் வேண்டும். “இக்குழந்தை என்ன மருந்து பெறுகின்றது?” என்னும் எளிய வினாவில் ஓர் உயிரின் நலம் தங்கியிருத்தல் கூடும்.