கோர்டெக்ட்: மேலூர் வட்டத்தின் கம்பியில்லா இணைப்பு

கோர்டெக்ட் என்பது சென்னை ஐ.ஐ.டி.யின் டெனெட் குழு, மைடாஸ் கம்யூனிகேசன் டெக்னாலஜிஸ், அமெரிக்காவின் அனலாக் டிவைசஸ் ஆகியவை சேர்ந்து 1990களில் உருவாக்கிய கம்பியில்லாத் தொலைபேசி, இணைய அமைப்பாகும். டெனெட் குழுவில் பேராசிரியர்கள் அசோக் ஜுன்ஜுன்வாலா, பாஸ்கர் ராமமூர்த்தி ஆகியோர் முன்னின்றனர். மதுரை மாவட்டம் மேலூர் வட்டத்தின் கிராமங்களில் இவ்வமைப்பு 2001 முதல் பயன்பட்டது.

பின்னணி

அக்காலத்தில் ஒரு தொலைபேசி இணைப்புக்கு 30,000 ரூபாய்க்கு மேல் செலவானது. இணைப்பகத்திலிருந்து வீடு வரை புதைக்கும் செம்புக் கம்பியே இதில் பெரும்பங்கை விழுங்கியது. செலவை 10,000 ரூபாய்க்குக் குறைத்தால்தான் கிராமங்களுக்குத் தொலைபேசி எட்டும் என்று ஜுன்ஜுன்வாலா கணித்தார். கம்பிக்குப் பதில் வானலை என்ற முடிவு இப்படிப் பிறந்தது.

மின்சுற்றுப் பலகை

பயனர் வீட்டுச் சுவரில் மாட்டும் சிறு பெட்டிக்குள் மின்சுற்றுப் பலகை இருக்கும். இது இயங்கும் 1880–1900 மெகாகெர்ட்ஸ் அலைவரிசையில் அலைநீளம் சுமார் 16 செ.மீ.; அதில் கால் பங்கு 4 செ.மீ. ஆகவே பலகையில் சில செ.மீ. நீளமுள்ள செம்புத் தடமே ஆன்டெனா போலச் செயல்பட்டுவிடும். இத்தகைய கருவிகளில் வானொலித் தடங்களைக் குறுகிய நீளத்தில், கணக்கிட்ட அகலத்தில் வரைவார்கள். அடியில் முழுச் செம்புத் தளத்தை நில இணைப்பாக வைப்பார்கள். எண்முறைப் பகுதியின் இரைச்சல் புகாதபடி உலோக மூடியும் இடுவார்கள்.

கோபுரத்தில் வைக்கும் அடிநிலையம் ஒரே நேரத்தில் 12 அழைப்புகளைக் கையாளும். குறைந்த மின்சாரமே தேவைப்பட்டதால், இணைப்பகத்திலிருந்து வரும் தொலைபேசிக் கம்பி வழியாகவே அதற்கு மின்சாரம் அனுப்ப முடிந்தது. மின்வெட்டு மிகுந்த ஊர்களுக்கு இது பெரும் வசதி.

மேலூரில்

ஐ.ஐ.டி., ஹார்வர்டு பல்கலைக்கழகம், எம்.ஐ.டி. ஊடக ஆய்வகம், என்-லாக் நிறுவனம் ஆகியவை பங்கேற்ற சாரி திட்டம் மேலூரைத் தேர்ந்தது. நேர்ப்பார்வை இருந்தால் 10 கி.மீ. வரை இணைப்புக் கிடைக்கும். இதற்குச் சமவெளி உதவியது. பேசாதபோது வினாடிக்கு 70 கிலோபிட், பேசும்போது 35 கிலோபிட் வேகத்தில் இணையம் கிடைத்தது. நிலையப் பொறுப்பாளர்கள் நோயாளிகளின் கண்களைப் படமெடுத்து மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பினர். முதியோர் உதவித்தொகை, பிறப்புச் சான்று போன்றவற்றுக்கான மனுக்கள் மின்னஞ்சலில் வட்டாட்சியர் அலுவலகம் சென்றன. மேலூருக்குப் பேருந்தேறி ஒருநாள் கூலியை இழக்க வேண்டியிருக்கவில்லை.

முடிவு

சில ஆண்டுகளில் பல நிலையங்கள் மூடப்பட்டன. ஆதரவளித்த அதிகாரிகள் மாறியதும் மனுச் சேவை தளர்ந்தது, வருமானமும் போதவில்லை. பின்னர் மலிவான கைப்பேசி பரவியது. தொழில்நுட்பம் எட்டிய ஊர்களிலும், மனுவைப் பெற்றுப் பதில் தரும் அலுவலக ஏற்பாடு நிலைக்காததே மேலூர்த் திட்டத்தின் முக்கியக் குறையாக ஆய்வாளர்களால் சுட்டப்பட்டது.