ஒரு சிவப்பு இழையின் பயணம்

சிவப்புக் கம்பளிச் சால்வை ஒன்று யாரோ ஒருவர் சட்டைமேல் உரசுகிறது. ஓர் இழை இடம் மாறுகிறது. இருவருக்குமே அது தெரியாது. 1910-ல் பிரான்சின் லியோன் நகரில் தடயவியல் கூடம் தொடங்கிய எட்மண்ட் லொகார்ட், தொட்ட இடத்தில் எதையாவது விட்டுவிட்டுத்தான் வருவோம் என்று நம்பியது இதைத்தான்.

அந்த இழைக்கு ஆயுள் குறைவு. துணியில் ஒட்டிய இழைகளில் பெரும்பகுதி சில மணி நேரத்திலேயே உதிர்ந்துவிடும் என்று 1975-ல் பிரிட்டனில் பவுண்ட்ஸ், ஸ்மால்டன் இருவரும் சோதித்துக் காட்டினார்கள். ஆகவே சட்டை கைக்கு வந்ததும் ஆய்வாளர்கள் ஒட்டுநாடாவை அழுத்தி இழைகளை எடுக்கிறார்கள்.

நுண்ணோக்கியில் அந்தக் கம்பளி இழை முடிபோல, ஓடு வேய்ந்த மாதிரி செதில்களோடு தெரியும். சால்வை இழையைப் பக்கத்தில் வைத்தால் இரண்டும் ஒரே சிவப்பு. ஆனால் சாயப்பட்டறையில் ஒரு சிவப்பைப் பல வழியில் கொண்டுவரலாம். இரண்டு மூன்று சாயங்களைக் கலப்பது சாதாரணம். கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது கலவையில் வேறாக இருக்கலாம்.

இங்கேதான், கலந்த சாயங்களைப் பிரித்துக் காட்டும் திரவ வண்ணப்பிரிகை வருகிறது. அதற்கு இழையை வெட்டியாக வேண்டும். சில மில்லிமீட்டர் துண்டை மெல்லிய கண்ணாடிக் குழாயில் போட்டு, பிரிடினும் நீரும் 4:3 என்ற அளவில் கலந்து ஊற்றிச் சூடேற்றுகிறார்கள். மெல்லத் திரவம் சிவக்கிறது, இழை வெளுக்கிறது. வெளியே வரும் சாயம் நானோகிராம் கணக்கில்தான். (பருத்தியில் ஏற்றிய ரியாக்டிவ் சாயம் இப்படி இறங்காது, நாரோடு வேதிப்பிணைப்பு கொண்டது அது.)

சாயம் இறங்கிய அந்தத் திரவத்தில் ஒரு துளி, சிலிக்கா துகள் அடைத்த எஃகுக் குழாய்க்குள் போகிறது. பம்பு தள்ளும் அழுத்தம் பெரும்பாலும் 100 பாருக்கு மேல்; லாரி டயரின் காற்றழுத்தத்தைப்போலப் பத்து மடங்குக்கு அதிகம். துகள்களோடு ஒட்டிக்கொள்ளும் சாயம் பிந்தும், ஒட்டாதது முந்தும். நூறாண்டுக்கும் முன்பே வார்சாவில் மிகயில் ஸ்வெட் இலைச் சாற்றைச் சுண்ணப்பொடி வழியே இறக்கிப் பார்த்ததும் இதே தத்துவம்தான். வெளியேறும் ஒவ்வொரு சாயத்துக்கும் திரையில் ஒரு முகடு எழுகிறது. அது எந்தெந்த ஒளியை விழுங்குகிறது என்பதும் பதிவாகிறது.

இரண்டு இழைகளின் முகடுகளும் பொருந்தினால், வேறுபாடு காணவில்லை என்று மட்டுமே அறிக்கை எழுதலாம். அதே தொட்டியில் சாயமேறிய சால்வைகள் எத்தனையோ வீடுகளில் இருக்கும். முகடுகள் பொருந்தாவிட்டால், அந்தச் சால்வைக்காரர் மேல் விழுந்த சந்தேகத்தின் ஒரு முடிச்சு அவிழும். இந்தச் சோதனையின் பெரிய பயன் அதுதான் என்பேன்.

வெட்டிய துண்டு திரும்ப வராது. அதனால்தான் நல்ல ஆய்வாளர் மற்ற சோதனைகளை முடித்துவிட்டு, கடைசியாகவே கத்தியை எடுக்கிறார். மிச்ச இழை கண்ணாடித் தகட்டில், முத்திரையிட்ட உறைக்குள், எதிரித் தரப்பு கேட்டால் எடுத்துக் கொடுக்கக் காத்திருக்கிறது.