ஊசியா, கொண்டை ஊசியா?

எங்கள் வீட்டு அலமாரியில் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் போட்டோ இருக்கிறது. அதில் எனக்கு எட்டு வயது. பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு நிற்கிறேன், பக்கத்தில் ஆளுயரக் கண்ணாடி. முகம் நேராகத் தெரியும், முதுகில் தொங்கும் பூச்சடை கண்ணாடியில் தெரியும். உங்களில் பலர் வீட்டிலும் இப்படி ஒரு போட்டோ இருக்கும்.

எனக்குப் பூத் தைத்தவள் என் அத்தை. மல்லிகை மலிந்து கிடக்கும் கோடையில், மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் என்னைத் தன் முன்னால் உட்கார வைத்துக்கொள்வாள். சவுரி வைத்து இறுகப் பின்னுவாள். வாழைப்பட்டையைச் சடையின் அளவுக்கு நறுக்கி வைத்து, மொட்டுகளை வரிசையாக அடுக்கி, பெரிய ஊசியில் நூல் கோத்துச் சடையோடு சேர்த்துத் தைப்பாள். கடைசியில் நெற்றியோரம் இரண்டு முடிக்கற்றைகளை எண்ணெய் தொட்டு விரலில் சுருட்டி விடுவாள். "தலையை ஆட்டாதேடி, ஊசி குத்திடும்" என்ற அதட்டல் இன்னும் காதில் இருக்கிறது.

ரோம் நகரின் கேபிடலைன் அருங்காட்சியகத்தில் உள்ள ஒரு சலவைக்கல் சிலையின் படத்தைப் பார்த்தபோது அத்தையின் நினைவு வந்தது. அதை ஃபொன்சேகா சிலை என்கிறார்கள். மார்பளவுச் சிலை, இளம் பெண். நெற்றிக்கு மேலே தேன்கூடு போல அடுக்கடுக்காகச் சுருள் முடி. ஒவ்வொரு சுருளின் நடுவிலும் சிற்பி துளையிட்டிருக்கிறான். தலையின் பின்பக்கமோ முழுக்கப் பின்னல்கள். அவற்றை வட்டமாகச் சுற்றிக் கொண்டையாக்கியிருக்கிறார்கள். முன்னால் சுருள், பின்னால் பின்னல். கி.பி. 69 முதல் 96 வரை ஆண்ட ஃபிளாவிய வம்சத்துச் சக்கரவர்த்திகள் காலத்தில் இதுதான் நாகரிகம். சக்கரவர்த்தி டைட்டஸின் மகள் ஜூலியாவின் சிலைகளிலும் இதே அலங்காரம்தான்.

சுருளுக்கு இரும்புக் குழல் ஒன்று வைத்திருந்தார்கள். சூடான சாம்பலில் அதைப் புதைத்துக் காயவைத்து, முடியை அதில் சுற்றி எடுப்பார்கள். இதையெல்லாம் செய்தவர்கள் பெரும்பாலும் அடிமைப் பெண்கள். கூந்தல் அலங்காரம் செய்பவளுக்கு ஒர்னாட்ரிக்ஸ் என்று பெயர். அக்காலக் கவிஞர் மார்ஷியலின் கவிதை ஒன்றில், ஒரே ஒரு சுருள் சரியாக நிற்கவில்லை என்பதற்காக எஜமானி கண்ணாடியாலேயே பணிப்பெண்ணை அடித்து வீழ்த்துகிறாள். அலங்காரம் எஜமானிக்கு, அடி பணிப்பெண்ணுக்கு.

இந்தப் பின்னல் கொண்டை கலையாமல் எப்படி நின்றது? அறிஞர்கள் பலர் இது பொய்முடியாகத்தான் இருக்கும் என்று எழுதிவந்தார்கள். சொந்த முடியில் இதைச் செய்ய முடியாது என்பது அவர்கள் எண்ணம்.

இதற்கு விடை கண்டவர் பேராசிரியர் அல்லர். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் சிகை அலங்காரத் தொழில் செய்யும் ஜேனட் ஸ்டீஃபன்ஸ் என்ற பெண்மணி. 2001இல் அவ்வூர் வால்டர்ஸ் அருங்காட்சியகத்தில் ஜூலியா டோம்னா என்ற ரோமானிய அரசியின் சிலையைப் பார்த்தார். அதன் பின்பக்கத்தையும் பார்க்க முடிந்தது. வீட்டுக்கு வந்து அதேபோல் செய்து பார்த்தார். கொண்டை ஊசி குத்திப் பார்த்தால் எல்லாம் சரிந்துவிட்டது. பிறகு பழைய லத்தீன் நூல்களைத் தேடிப் படித்தார். கூந்தல் பற்றி வரும் இடங்களில் 'ஆகுஸ்' என்ற சொல் இருந்தது. அதைக் கொண்டை ஊசி என்றே எல்லோரும் மொழிபெயர்த்திருந்தார்கள். ஆனால் ஆகுஸ் என்றால் தையல் ஊசி என்றும் பொருள் உண்டு. ஊசியில் நூல் கோத்துப் பின்னலைப் பின்னலோடு வைத்துத் தைத்தார். அப்படியே நின்றது! 2008இல் அவருடைய கட்டுரை ரோமானியத் தொல்லியலுக்கான ஆய்விதழிலேயே வெளிவந்தது.

இதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. தமிழிலும் தைப்பது ஊசி, கொண்டையில் செருகுவதும் ஊசிதானே! 'ஊசியால் கூந்தலை முடித்தாள்' என்று நாம் எழுதி வைத்தால், ஆயிரம் வருஷம் கழித்துப் படிப்பவர் எந்த ஊசி என்று கண்டார்? ஆனால் என் அத்தையை அந்தச் சிலையின் பின்னால் நிறுத்தியிருந்தால், "தைச்சிருக்காங்க" என்று பார்த்தவுடன் சொல்லியிருப்பாள். அவளை யாரும் கேட்கப் போவதில்லை, அவ்வளவுதான். புத்தகத்தில் தேடியவர்களுக்குப் பிடிபடாதது, தினமும் தலைமுடியைத் தொட்டுப் பழகிய கைக்குப் பிடிபட்டது.

இன்னொரு செய்தியும் உண்டு. 6ஆம் நூற்றாண்டில் ஜஸ்டினியன் சக்கரவர்த்தி தொகுக்கச் செய்த சட்ட நூலில், கிழக்கிலிருந்து வந்து சுங்கவரி கட்ட வேண்டிய சரக்குகளின் பழைய பட்டியல் ஒன்று இருக்கிறது. மிளகு, பட்டு, ரத்தினம் இவற்றோடு இந்தியத் தலைமுடியும் அதில் உண்டு. திருப்பதி முடி இன்று வெளிநாடு போவது நமக்குத் தெரியும். அன்றும் நம் நாட்டுப் பெண்கள் யாருடைய கூந்தலோ கடல் கடந்து போயிருக்கிறது. யாருடையது என்றுதான் எந்தப் பட்டியலிலும் இல்லை.

ஒர்னாட்ரிக்ஸ் என்று தொழிலைச் சொல்லும் கல்லறைக் கல்வெட்டுகள் ரோமில் கிடைத்திருக்கின்றன. சிலருக்காவது பெயர் தப்பியது. ஃபொன்சேகா சிலைப் பெண்ணின் சுருளைச் சுருட்டியவள் பெயர் யாருக்கும் தெரியாது.

என் போட்டோவை மறுபடி எடுத்துப் பார்த்தேன். முகம் இருக்கிறது, சடை இருக்கிறது. அத்தை இல்லை. ஸ்டூடியோவில் திரைக்கு அந்தப் பக்கம், உதிர்ந்த மொட்டுகளைத் திரும்பத் தைப்பதற்காக ஊசியும் நூலுமாக நின்றுகொண்டிருந்தாள். "நீங்களும் வந்து நில்லுங்கத்தே" என்று கூப்பிட எனக்கு அன்று தோன்றவில்லை. அவள் போய் முப்பது வருஷமாகிறது. போட்டோவின் பின்பக்கத்தில் நேற்றுதான் எழுதினேன்: 'பூத் தைத்தது, அத்தை.'