வாரத்தில் மூன்று நாள்

பல் தேய்க்க லைட் எதற்கு? இருட்டிலேயே தேய்த்துக்கொள்ளுங்கள்!

இந்த யோசனையைச் சொன்னது கரண்ட் பில்லைப் பார்த்துப் பதறிய யாரோ தாத்தா இல்லை. 1974 ஜனவரியில் பிரிட்டனின் எரிசக்தித் துறை அமைச்சர் பேட்ரிக் ஜென்கின். பத்திரிகைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? அவர் வீட்டில் விளக்குகள் ஜெகஜ்ஜோதியாக எரிவதைப் படம் எடுத்துப் போட்டு மானத்தை வாங்கிவிட்டார்கள்.

அப்படி என்ன பஞ்சம்? 1973 அக்டோபரில் அரபு - இஸ்ரேல் யுத்தம். எண்ணெய் விலை சில மாதங்களில் நான்கு மடங்கானது. நிலக்கரியை நம்பலாம் என்றால், நவம்பரில் சுரங்கத் தொழிலாளர்கள் சம்பள உயர்வு கேட்டு ஓவர்டைமை நிறுத்தினார்கள். கவனியுங்கள், ஸ்டிரைக்கூட இல்லை. வெறும் ஓவர்டைம்! அதற்கே மின்நிலையங்களில் குவித்திருந்த கரி கரைய ஆரம்பித்துவிட்டது.

பிரதமர் எட்வர்ட் ஹீத், இருக்கிற கரியைப் பங்கு பிரித்தார். 1974 ஜனவரி 1 முதல் பெரும்பாலான தொழிற்சாலைகளுக்கும் ஆபீஸ்களுக்கும் வாரத்தில் தொடர்ந்து மூன்று நாள்தான் கரண்ட். ஒரு பிரிவுக்குத் திங்கள் முதல் புதன். இன்னொன்றுக்கு வியாழன் முதல் சனி. அந்த மூன்று நாளில் கூடுதல் நேரம் மெஷினை ஓட்டி ஈடுகட்டவும் கூடாது. ஆஸ்பத்திரிக்கும் உணவுக் கடைகளுக்கும் விலக்கு உண்டு. நடுவில் நிறுத்தவே முடியாத ஆலைகளுக்கு வாரம் முழுக்கக் கரண்ட், ஆனால் அளவு குறைவு.

கடைகளில் மெழுகுவத்தி வியாபாரம். லட்சக்கணக்கான தொழிலாளர்களுக்குப் பாதி வாரம் வேலை இல்லை. ஐந்து நாள் மூன்றானால் உற்பத்தி 40 சதவிகிதம் விழ வேண்டும், இல்லையா? விழவில்லை. சரிவு அதைவிட மிகக் குறைவு. 'அப்படியானால் இத்தனை வருஷமாக மற்ற இரண்டு நாள் என்னதான்யா செய்தீர்கள்?' என்று எத்தனை முதலாளிகள் மனசுக்குள் கறுவினார்களோ!

ஆனால் பங்கு பிரித்தால் கரி வளருமா? பிப்ரவரியில் சுரங்கத்தில் முழு ஸ்டிரைக். நாட்டை ஆள்வது அரசாங்கமா, யூனியனா என்று கேட்டு ஹீத் தேர்தலுக்குப் போனார். ஜனங்கள் அவருக்கு 297 சீட் கொடுத்தார்கள். எதிர்க்கட்சியான தொழிற்கட்சிக்கு 301. பிரதமரான ஹெரால்ட் வில்சன் சம்பளத்தை உயர்த்தினார். மார்ச் 7ஆம் தேதியோடு மூன்று நாள் வாரம் முடிந்தது.

இதையெல்லாம் ஹீத்தின் அமைச்சரவையில் கல்வி அமைச்சராக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார் மார்கரெட் தாட்சர். பின்னாளில் பிரதமரானதும், மோதலுக்கு முன்பே மின்நிலையங்களில் கரியை மலைமலையாகக் குவிக்க வைத்தார். 1984 மார்ச்சில் ஆரம்பித்த சுரங்க ஸ்டிரைக் ஒரு வருஷம் நீடித்தது. கரண்ட் கட் இல்லாமலே குளிர்காலம் கடந்துபோனது. தொழிலாளர்கள் வெறுங்கையோடு சுரங்கத்துக்குத் திரும்பினார்கள்.