கவலை இறைத்த கிணறும் கரண்டு மோட்டாரும்



பரிசளிப்பு விழா மலர் என்றால் குறளின் பெருமை, தாய்மொழியின் சிறப்பு என்று எழுதுவது வழக்கம். அவற்றை எழுத என்னைவிடத் தகுதியுள்ளவர்கள் இருக்கிறார்கள். நான் எடுத்துக்கொண்டது கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்குள்ள விஷயம். உங்கள் வீட்டுப் பின்புறத்தில் தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு உறுமுகிறதே, தண்ணீர் மோட்டார், அதன் வரலாறு. அது ஓடும் வரைக்கும் யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. நின்றுபோன அன்றைக்குத்தான் வீடே அல்லோலப்படுகிறது!

யான் பக்கத்தில் நமக்குத் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. ஜெராய் மலையிலிருந்து ஓடை இறங்குகிறது. வயலுக்கு மூடா நீர்ப்பாசனக் கால்வாய் இருக்கிறது. கோயம்புத்தூர்ச் சீமை அப்படியல்ல. மழை குறைவு. கீழே தோண்டினால் பாறை. 60, 70 அடி வெட்டினால்தான் தண்ணீர் முகம் தெரியும். அந்தக் கிணற்றிலிருந்து நீரை மேலே கொண்டுவரக் கவலை இறைத்தார்கள். ஒரு பெரிய சால், அதற்கு வடக்கயிறு, இழுக்க இரண்டு மாடு. மாடுகள் சரிவில் இறங்கினால் சால் மேலே வரும். பின்னுக்கு நடந்தால் சால் கீழே போகும். விடியற்காலை தொடங்கினால் வெயில் ஏறும் வரை இதே நடைதான். மாட்டோடு மனிதனும் நடப்பான். சாலுக்கு ஒரு வாய்க்கால் தண்ணீர் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு காணி நிலம் நனைவதற்குள் மாட்டுக்கு நுரை தள்ளிவிடும்.

மழையும் பொய்த்தால்? 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் வந்தது. சென்னை மாகாணத்தில் இலட்சக்கணக்கானோர் மாண்டார்கள். வறண்ட நிலத்தையும் கடனையும் விட்டு அக்காலத்திலும் அதற்குப் பின்னும் பினாங்குக்குக் கப்பலேறியவர்களின் பேரப்பிள்ளைகள்தாம் இன்று கெடாவில் இதைப் படிக்கும் நம்மில் பலர். ஆகவே அந்தக் கிணற்றுக்கும் நமக்கும் சம்பந்தம் இல்லை என்று சொல்ல முடியாது.

மாட்டுக்கு ஓய்வு கொடுத்தது நீலகிரி. அங்கே பைக்காரா ஆற்று நீரை 3,000 அடிக்கும் மேற்பட்ட உயரத்திலிருந்து குழாய் வழியே இறக்கி மின்சாரம் எடுக்கும் நிலையம் 1932இல் இயங்கத் தொடங்கியது. கம்பி கோவைக்கு இறங்கியது. நூல் ஆலைகள் முதலில் வாங்கின. அடுத்து விவசாயி வாங்கினான். ஆனால் மோட்டார் எங்கே? இங்கிலாந்திலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் வரவேண்டும். விலை எட்டாது, பழுதானால் உதிரிச் சாமானுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

இந்த இடத்தில் ஒருவர் வருகிறார். கோவைக்கு அருகே கலங்கல் கிராமத்தில் 1893இல் பிறந்த ஜி. டி. நாயுடு. பள்ளிப் படிப்பை முடிக்காதவர். வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்து ஆசைப்பட்டு, உணவகத்தில் வேலை செய்து காசு சேர்த்து அதையே விலைக்கு வாங்கினார் என்று அவர் கதையைச் சொல்லுவார்கள். வாங்கியவர் ஊர் சுற்றவில்லை. ஒவ்வொரு திருகாணியாகக் கழற்றிப் போட்டு மறுபடி பூட்டினார்! 1920இல் பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையே ஒரே ஒரு பஸ் விட்டார். அது பெரிய பஸ் நிறுவனமாக வளர்ந்தது. 1937இல் டி. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து மின்மோட்டார் ஒன்றை உருவாக்கினார். இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதல் மின்மோட்டார் என்று அதைச் சொல்கிறார்கள். பாலசுந்தரம் பிறகு டெக்ஸ்டூல் நிறுவனத்தை நடத்தினார்.

அந்த வருடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். மறுவருடம், 1938இல், மலாயாத் தோட்டங்களுக்கு உதவிப் பயணத்தில் கூலியாட்களை அனுப்புவதை இந்திய அரசு நிறுத்தியது. ஒரு பக்கம் கிணற்றுக்கு மோட்டார் வருகிறது. மறு பக்கம் கப்பல் நிற்கிறது. ஒன்றால் ஒன்று நடந்ததென்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த மோட்டார் 60 ஆண்டு முந்தி வந்திருந்தால் எத்தனை குடும்பம் ஊரிலேயே இருந்திருக்கும் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

உலகப் போர் வந்ததும் வெளிநாட்டுச் சரக்கு வருவது குறைந்தது. கோவைக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. பட்டறைகள் பெருகின, பம்பும் மோட்டாரும் தெருவுக்குத் தெரு வார்த்தார்கள். 1955இல் அதே ஊர் சபாபதி என்பவர் மோட்டாரை ஆட்டுக்கல்லோடு சேர்த்துவிட்டார். நம் வீட்டுப் பெண்களின் முதுகுவலியைக் குறைத்த மாவு கிரைண்டர் அதுதான்!

ஆழக் கிணற்றில் ஒரு சிக்கல் உண்டு, மாணவர்களே. பம்பு தண்ணீரை உறிஞ்சுவதில்லை. குழாயிலுள்ள காற்றை எடுக்கிறது, வெளிக்காற்றின் அழுத்தம் தண்ணீரை மேலே தள்ளுகிறது. காற்றால் 34 அடிக்கு மேல் தள்ள முடியாது. நடைமுறையில் 25 அடியே பெரிது. அதனால் கோவையில் கிணற்றுக்குள்ளேயே மேடை கட்டி மோட்டாரை இறக்கி வைத்தார்கள். இதே சிக்கலுக்கு அமெரிக்காவில் வேறொரு விடை கண்டவர்கள் ஜக்கூசி சகோதரர்கள். இத்தாலியிலிருந்து பிழைக்கப் போனவர்கள், நம்மைப்போல. விமானம் செய்தார்கள்; 1921இல் அது விழுந்து அண்ணன் தம்பிகளில் ஒருவர் இறந்தார். பிறகு விவசாயப் பம்புக்கு மாறி, மேலேயிருந்து கொஞ்சம் தண்ணீரைக் கீழே பீய்ச்சி மற்றத் தண்ணீரை ஏற்றும் ஜெட் பம்பை 1926இல் செய்தார்கள். கண்டிடோ என்ற தம்பியின் கைக்குழந்தைக்கு மூட்டுவாதம் வந்தது. ஆஸ்பத்திரியில் கொடுக்கும் சுழல்நீர்ச் சிகிச்சையை வீட்டிலேயே கொடுக்க, குளியல் தொட்டிக்குள் இறக்கும் சிறு பம்பைச் செய்தார் அந்தத் தகப்பன். 1956இல் அது கடைக்கு வந்தது. 1968இல் பம்பைத் தொட்டிக்குள்ளேயே பொருத்தினார்கள். பணக்கார ஹோட்டல்களில் காணும் வெந்நீர்த் தொட்டியின் பிறப்பு இதுதான். பாலிங்கில் ஊலு லெகோங் வெந்நீர் ஊற்றில் காலை நனைத்தவர்களுக்கு அந்தச் சுகம் ஓரளவு தெரியும்.

நம் தோட்டங்களுக்கு வருவோம். கித்தாக் காட்டு லயங்களில் பல இடத்திலும் சாயங்காலம் இஞ்சின் ஓடினால்தான் வெளிச்சம், இராத்திரி நிறுத்திவிடுவார்கள். 1990இல் வந்த 446ஆம் சட்டம்தான் குடியிருப்புக்குக் குழாய்த் தண்ணீரும் மின்சாரமும் தரவேண்டும் என்று எழுத்தில் வைத்தது. அதற்குள் தோட்டங்கள் துண்டாடப்பட்டு, சுங்கை பட்டாணிக்கும் பீடோங்குக்கும் குடி போனவர்கள் ஏராளம். சொந்த வீடு, சொந்தத் தொட்டி, சொந்த மோட்டார். அதோடு ஆபத்தும் வந்தது. தண்ணீரும் கரண்டும் ஒரே இடத்தில் இருந்தால் எமனுக்குப் பாதி வேலை மிச்சம்.

மோட்டார் 'ம்ம்' என்று முனகுகிறது, சுற்றவில்லை என்றால் உடனே தூக்கி எறியாதீர்கள். வீட்டு மோட்டார் ஒற்றைக் கட்டத்தில் ஓடுவது. தானாகக் கிளம்பும் பலம் அதற்குக் கிடையாது. கெப்பாசிட்டர் என்ற டப்பாதான் இரண்டாவது காயிலுக்கு முந்திய துடிப்பைக் கொடுத்துக் கிளப்பிவிடுகிறது. பல நேரம் கெட்டுப்போவது அந்தச் சின்னச் சாமான்தான். சக்கரம் துருவில் சிக்கியும் இருக்கலாம். கருகிய வாடை வந்தால் மட்டும் காயில் போய்விட்டது என்று கொள்ளலாம்.

புது மோட்டார் வாங்கும்போது பழையதன் தகட்டைப் படியுங்கள். வோல்ட், ஆம்பியர், குதிரைசக்தி, சுழற்சி வேகம் எல்லாம் அதில் இருக்கும். நம் நாட்டுக் கரண்டு 50 ஹெர்ட்ஸ், அமெரிக்காவில் 60. அங்கே நிமிடத்துக்கு 3,450 சுற்று ஓடிய மோட்டார் இங்கே ஏறக்குறைய 2,850 சுற்றுதான் ஓடும். 115 வோல்ட் மோட்டாரை மலிவாகக் கிடைத்தது என்று நம் 230 வோல்ட்டில் மாட்டினால் ஒரு நொடியில் புகைதான்.

வயர் மாட்டுவதைப் பதிவு பெற்ற வயர்மேனிடம் விடுங்கள். இருந்தாலும் அவர் செய்வது சரிதானா என்று பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். முதலில் மெயினை அடைப்பார். மீட்டர் வைத்துக் கரண்டு இல்லை என்று பார்ப்பார். கெப்பாசிட்டர் கரண்டைப் பிடித்து வைத்திருக்கும், அதை இறக்கிய பிறகே தொடுவார். பழைய வயர்களுக்கு அடையாளம் போட்டு, வளையும் கேபிளில் பழுப்பு நிறத்தைக் கரண்டுக்கும், நீலத்தை நியூட்ரலுக்கும், பச்சை மஞ்சளை எர்த்துக்கும் கொடுப்பார். எர்த் வயர் மோட்டாரின் இரும்பு உடம்பில் இறுக்கமாகப் பிடிக்க வேண்டும். "எர்த் இல்லாமலும் ஓடுதே!" என்பார் சிலர். ஓடும்தான். காயிலில் ஈரம் இறங்கிய அன்று உடம்பு முழுக்கக் கரண்டு நிற்கும். ஈரக் காலோடு தொடுகிற பிள்ளைதான் எர்த் வயராகிவிடும். கசிந்தால் தானே அறுத்துவிடும் பாதுகாப்பு சுவிட்ச் ஒன்று உண்டு. ஈரமான இடத்தில் 10 மில்லி ஆம்பியர் கசிவிலேயே அது அறுக்க வேண்டும் என்பது 1994ஆம் ஆண்டு மின்சார விதி. அதிலுள்ள சோதனைப் பொத்தானை அவ்வப்போது அழுத்திப் பாருங்கள். கடைசியாகப் பம்பில் தண்ணீர் நிரப்பிவிட்டே ஓட்ட வேண்டும். வெறும் பம்பு ஓடினால் சீல் போய், மறுபடியும் தண்ணீர் மோட்டாருக்குள் இறங்கும்.

நாயுடு 1945இல் கோவையில் தொழில்நுட்பக் கல்லூரி தொடங்கினார். அக்காலத்துக் கவர்னர் ஆர்தர் ஹோப் பெயரில். நான்கு வருடப் படிப்பு மாணவர்களின் காலத்தை வீணாக்குகிறது, இரண்டு வருடம் போதும் என்று அரசோடு வாதாடினார், கேட்கவில்லை, விலகினார். பயிற்சிச் சான்றிதழுக்காக வருடக்கணக்கில் உட்கார்ந்த என் போன்றோர் அவர் பக்கம் சாய்வது இயற்கை! 1974இல் அவர் மறைந்தார். அந்தக் கல்லூரி இன்று கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியாக நடக்கிறது.

பழைய காற்றாடியைப் பையன் கழற்றிப் போட்டுவிட்டான் என்று பிரம்பை எடுக்கும் தகப்பனாரே, கொஞ்சம் பொறுங்கள். முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட்டானா என்று பாருங்கள். பிடுங்கியிருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து எந்தத் திருகாணி எங்கே போகும் என்று அவனிடம் கேளுங்கள். ஐந்தாம் படிவம் முடிந்ததும் மனிதவள அமைச்சின் தொழிற்பயிற்சிக் கழகங்களில் மின்துறை படிக்கலாம். மலேசியத் தொழில்திறன் சான்றிதழ் கிடைக்கும். அதற்கு மேல் வயர்மேன் தேர்வும் இருக்கிறது. விவரம் வேண்டுவோர் பள்ளி முடிந்த பிறகு என்னை வந்து பாருங்கள். பாரத்தைச் சேர்ந்து நிரப்புவோம். பெண்பிள்ளைகளையும் அழைத்து வரலாம்.